கிழக்குச் சரிவில் ஒரு காகிதக் கோட்டு

சந்திரக் கணக்கில் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் விடிந்ததும், கோய்லாக் மலையடிவாரத்தில் ஒரு மூங்கில் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தோவா நின்றுவிட்டாள். அன்றைக்குத்தான் ஊரே மேலே ஏறிப்போய்ச் செத்தவர்களின் கல்லறையைச் சுத்தம் செய்து படையல் போடும் நாள். மேலே போகிறவர்கள் யாராயிருந்தாலும் தோவாவைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டுகிறவர்கள் லைட்டரையும் தீப்பெட்டியையும் கூடையில் போட்டுவிட்டுத் தாண்டவேண்டும்.

மழை பெய்து நாற்பத்து மூன்று நாளாகியிருந்தது. கொடியில் போட்ட துணியை வாரக்கணக்கில் காயவிடாமல் அடிக்கும் அந்த வசந்தகாலத் தூறல் இந்த வருஷம் எந்தப் பக்கம் போயிற்றென்றே தெரியவில்லை. மலை முழுக்க பைன் மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் பட்டையைச் சீவிப் பிசினுக்குக் கிண்ணம் கட்டியிருக்கிறது. கீழே நாலு விரற்கடை உயரத்துக்குச் சருகு. ஒரு பொறி போதும்.

ஊர்த் தலைவர் கியெம் முந்தின வாரமே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். செத்தவர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்று எரிக்கிற காகித நோட்டு, காகித உடுப்பு எதையும் கல்லறையில் கொளுத்தக் கூடாது. எல்லாவற்றையும் கீழே கொண்டுவர வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு, வறண்டு கிடக்கும் ஓடையில் ஒரு இரும்புப் பீப்பாய் வைத்து மொத்தமாகக் கொளுத்தப்படும். யாருக்கு எது என்று மைக்கில் பெயர் படிக்கப்படும்.

இதை ஊருக்குள் வீடு வீடாகப் போய் விளக்கும் பொறுப்பைத் தோவாவிடம் கொடுத்திருந்தார்கள். அவளிடம் கொடுக்காவிட்டாலும் அவள் அதைத்தான் செய்திருப்பாள்.

"கையத் தூக்குங்க."

"ஏண்டி, நான் என்ன கள்ளக்கடத்தலா பண்றேன்?" என்றாள் லூயென். பக்கத்து வீட்டுக்காரி, தோவாவைவிட மூன்று வயது மூத்தவள், அவளைப் போலவே விதவை.

"பையில என்னக்கா?"

"எறும்பு முட்டை அடை. வேணும்னா எண்ணிக்க."

தோவா எண்ணவில்லை, ஆனால் பிரித்துப் பார்த்தாள்.

"நல்லாப் பாரு. முட்டைக்குள்ள ஒவ்வொரு எறும்பும் ஒரு லைட்டர் வெச்சிருக்கும்" என்றாள் லூயென். "அது கெடக்கட்டும், எல்லாருக்கும் ஒரே பீப்பாய்ல கொளுத்தினா எப்படிடி? நான் எங்க வீட்டுக்காரருக்கு அனுப்புற செருப்பு உங்க வீட்டுக்காரர் கால்ல போய் மாட்டிக்காதா?"

"பேரு படிப்பாங்கக்கா. மைக்குல படிப்பாங்க."

"உசுரோட இருந்தப்பவே நான் பக்கத்துல நின்னு கத்துனா அந்த மனுசனுக்குக் காது கேக்காது. இப்ப மைக்குல கேக்கப் போகுதாக்கும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தோவா சிரிக்கவில்லை. ஊர்த் தலைவரின் சட்டைப்பையில்கூட கையை விட்டு ஒரு லைட்டரை எடுத்துக் கூடையில் போட்டாள். "தலைவரே, நீங்களேவா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்கவும் செய்தாள். கியெம் சிகரெட்டுக்காக என்று ஏதோ முனகிவிட்டு, முகம் சிவக்க மேலே ஏறினார்.

கடைசியில் அவளுடைய கொழுந்தன் லோக் குடும்பத்தோடு வந்தான். கூடையை அவன் மகளிடம் பிடித்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு, தன் படையல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தோவாவும் ஏறினாள். மூட்டைக்குள் வாழையிலையில் ஐந்து நிறச் சோறு இருந்தது. அதில் கறுப்புச் சோற்று உருண்டை மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் பெரியது. அதற்குள் ஒரு லைட்டர் இருந்தது.

இதைக் கேட்டு யாரும் அவளை உடனே திட்டிவிட வேண்டாம். அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது.

அவள் கணவன் துவான் இரண்டு வருஷத்துக்கு முன், உறைபனி விழுந்த ஒரு மார்கழி வாரத்தில், எருமையைத் தேடிப்போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து செத்துப்போனான். போட்டிருந்தது ஒரு மெல்லிய சட்டை. போன மாதம் மூன்று தடவை கனவில் வந்தான். வாசலில் நின்று தோளைக் குறுக்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல், உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். தோவா சந்தைக்குப் போய், பஞ்சு வைத்ததுபோல உப்பலாகச் செய்த ஒரு காகிதக் கோட்டு வாங்கினாள். ஜிப் வரைந்திருந்தது. கழுத்தைச் சுற்றி ரோமமும் வரைந்திருந்தது. அதைப் பீப்பாயில் போட அவளுக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் துவானுக்குப் பக்கத்துக் கல்லறையில் படுத்திருப்பவன் லூயெனின் புருஷன்தான். உயிரோடிருந்தபோது துவானின் மண்வெட்டியை இரவல் வாங்கி ஏழு வருஷம் திருப்பித் தராதவன். பெயர் படித்தால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா அவன்?

கிழக்குச் சரிவில் இருந்தன அந்தக் கல்லறைகள். எல்லாருமாகக் குனிந்து களை பிடுங்கி, மண்ணைக் கொத்திப் புரட்டி, சுற்றி வாய்க்கால் வெட்டி, மேட்டின் மேல் வெள்ளைக் காகிதச் சரம் கட்டிய குச்சியை நட்டார்கள். பக்கத்தில் லூயென் ஒற்றையாகவே தன் புருஷன் கல்லறையைச் சுற்றி ஒரு புல் இல்லாமல் செதுக்கி, வாய்க்காலும் வெட்டினாள். பன்றி இறைச்சி, கோழி, சோறு எல்லாம் வைத்துக் கும்பிட்டாகிவிட்டது. சாராயம் ஆளுக்கொரு கிண்ணம் ஆயிற்று.

"நீங்க எல்லாம் எறங்குங்க. நான் அவரோட ஒரு நிமிசம் பேசிட்டு வரேன்" என்றாள் தோவா.

"பேசுங்கண்ணி, பேசுங்க. இப்பதான் அவரு குறுக்க பேசமாட்டாரே" என்று லோக் சிரித்துக்கொண்டே இறங்கினான்.

தனியானதும் அவள் கறுப்பு உருண்டையைப் பிட்டாள். லைட்டரைப் பாவாடையில் துடைத்தாள். கல்லறைக்கு முன்னால் ஒரு கையகலம் சருகை விலக்கிவிட்டுக் கோட்டைக் கொளுத்தினாள். நன்றாகவே எரிந்தது. ரோமம் முதலில் போயிற்று, பிறகு கைகள். எரிந்து முடிந்ததும் வழக்கப்படி ஒரு கிண்ணம் சாராயத்தைச் சாம்பலைச் சுற்றி ஊற்றினாள். அப்போதுதான் அனுப்பிய பொருள் போய்ச் சேரும். மூட்டையில் ஒரு பாட்டில் தண்ணீரும் இருந்தது. அதை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், பிறகு மூடிவிட்டாள். தண்ணீர் ஊற்றினால் கோட்டு ஈரமாகத்தான் போய்ச் சேரும். குளிரில் நிற்கிற மனுஷனுக்கு ஈரக் கோட்டா அனுப்புவது?

செருப்புக் காலால் இரண்டு மிதி மிதித்தாள். போதும் என்று தோன்றியது. இறங்கிவிட்டாள்.

வீட்டில் லோக் குடும்பமும் இன்னும் இரண்டு குடும்பமும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தோவா பரிமாறினாள், பேசினாள், யார் வீட்டு மருமகள் கல்லறைக்கு உயரச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள் என்பதை விவரித்தாள். மணி ஒன்று இருக்கும். வாசலில் காயப்போட்டிருந்த மூங்கில் முறம் ஒன்று தானாக எழுந்து நின்று, உருண்டு, முற்றத்தைத் தாண்டிப் போய் விழுந்தது.

காற்று.

தோவாவின் வாய் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இரண்டு மிதிதான் மிதித்தோம் என்பது ஞாபகம் வந்தது. மூன்றாவதை ஏன் மிதிக்கவில்லை? சாம்பல் கறுப்பாக இருந்ததா, நடுவில் எங்காவது சிவப்பு இருந்ததா? அதைப் பார்த்த ஞாபகம் இல்லை. திரும்பி நடந்ததுதான் ஞாபகம் இருந்தது. அவள் எழுந்து வெளியே வந்து மலையைப் பார்த்தாள். சுற்றுவட்டாரத்தில் எல்லா மலைகளிலும் காடு கொளுத்தி விதைக்கிற காலம், வானம் பூராவும் ஏற்கெனவே மங்கலாகத்தான் இருந்தது. அதில் எது புகை, எது மூட்டம் என்று யார் சொல்ல முடியும்?

ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு வாளியை எடுத்துக்கொண்டாள்.

"எங்கடி வாளியோட?" லூயென் வேலிக்கு அந்தப்பக்கம் பல் குத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"மிளகாய்ச் செடிக்குத் தண்ணி ஊத்தப் போறேன்."

"உச்சி வெயில்லயா? செடிய வேக வெக்கப் போறியா? சரி, ஒம் பொண்ணு வந்தாளே, பாத்தியா?"

"எந்தப் பொண்ணு?"

"உனக்கு எத்தன பொண்ணு? மியன்தான். பாக்டரில லீவு குடுத்துட்டாங்களாம், பஸ்ஸ விட்டு எறங்குனா, நீங்க எல்லாம் உள்ள சத்தமா தின்னுக்கிட்டு இருந்தீங்க. பைய எங்க வீட்டுல வெச்சுட்டு, 'அத்தை, அம்மாகிட்ட சொல்லாதீங்க, முதல்ல அப்பாவப் பாத்துட்டு வந்து பயமுறுத்துறேன்'னு சொல்லிட்டு மேல போனா. அரை மணி நேரம் இருக்கும்."

வாளி கையிலிருந்து நழுவி விழுந்தது. தோவா போனை எடுத்து அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் மிகவும் மரியாதையாகச் சொன்னது. மறுபடியும் அழைத்தாள். அதே மரியாதை.

"என்னடி, முகமெல்லாம் இப்படி வெளுக்குது?"

தோவா ஓடினாள். மலைக்கு ஓடுவதா, தலைவர் வீட்டுக்கு ஓடுவதா என்று கால்களே முடிவு செய்யவில்லை. தெருமுனை வரை மலைப்பக்கம் ஓடி, அங்கிருந்து திரும்பித் தலைவர் வீட்டுக்கு ஓடினாள். ஒருத்தியாகப் போய் ஒரு வாளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த வாளியையும் கீழே போட்டுவிட்டாள். பின்னாலேயே லூயென் மூச்சிரைக்க வந்தாள். ஊரில் எது நடந்தாலும் கடைசியாகத் தெரிந்துகொள்ளும் ஆளாக இருப்பதை அவளால் தாங்கமுடியாது.

தலைவர் வீட்டு முற்றத்தில் ஏற்கெனவே கூட்டம். யாரோ ஒருவன் கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தான். மலையின் மேற்குப் பள்ளத்திலிருந்து பழுப்பாகப் புகை இறங்கிக்கொண்டிருந்தது. இது மூட்டமில்லை, புகைதான். பிசின் எரிகிற நாற்றம் மூக்கில் ஏறியது.

கியெம் மைக்கைப் பிடித்துவிட்டார். "எல்லாரும் மேக்குப் பள்ளத்துக்கு! மண்வெட்டி, அருவா, தண்ணி, எது கைல இருக்கோ அது! தேன் எடுக்கப் போன களவாணிப் பயலுங்க வேலைதான் இது. ஓடுங்க!"

ஆண்கள் கிளம்பிவிட்டார்கள். முப்பது நாற்பது பேர், மேற்குப் பாதையில். அந்தப் பாதையில் ஏறினால் பள்ளத்துக்குப் போய்ச் சேர அரை மணி. அங்கிருந்து மேடு தாண்டிக் கிழக்குச் சரிவுக்கு வர இன்னும் ஒரு மணி. தோவா வாயைத் திறந்தாள்.

"அங்க இல்ல," என்றாள். "கிழக்கு."

"என்னது?"

"கிழக்குச் சரிவு. தீ அங்க இருக்கு."

"புகை மேக்கால வருது, நீ கிழக்குங்குற?"

"காத்து கிழக்கேருந்து அடிக்குது தலைவரே. புகை மேடு தாண்டி அந்தப் பக்கம் எறங்குது."

"சும்மா ஊகத்த வெச்சுக்கிட்டு நாப்பது பேரத் திருப்பச் சொல்றியா? தீ மேக்காலயே இருந்து, நான் தப்பா அனுப்பிட்டேன்னா என்ன ஆகும்? நகரு தோவா, நேரமில்ல."

"என் பொண்ணு அங்க இருக்கா!"

"எம் பொண்டாட்டியோட தம்பி மேக்கால இருக்கான், பிசின் வடிக்கப் போயிருக்கான்! எப்படிச் சொல்ற கிழக்குன்னு? பாத்தியா?"

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். காலையில் தன் சட்டைப்பைக்குள் கையை விட்டவளைக் கியெமும் பார்த்தார். சொல்லாமல் இருக்க இன்னும் ஒரு வழி இருக்கிறதா என்று தோவாவின் மனம், அந்த நேரத்திலும், வெட்கமில்லாமல் ஒரு சுற்றுத் தேடியது. ஒரு மூச்சு நேரம்தான். அந்த ஒரு மூச்சு நேரத்தைப் பிற்பாடு அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"நான்தான் கொளுத்தினேன்," என்றாள். "காலைல. அவரு கல்லறைல. ஒரு கோட்டு. லைட்டரச் சோத்துக்குள்ள வெச்சுக் கொண்டுபோனேன். தண்ணி ஊத்தல."

கியெமின் கையில் மைக் திறந்தபடியே இருந்தது. பாலத்தடியில் இருக்கிற ஒலிபெருக்கிக் குழாயிலும், பள்ளிக்கூடத்துக் கூரையில் இருக்கிற குழாயிலும், மேற்குப் பாதையின் முதல் வளைவில் இருக்கிற குழாயிலும் அவள் குரல் போய் மோதித் திரும்பி வந்தது. தண்ணி ஊத்தல. ஊத்தல.

லூயென் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கியெம் அவளை ஒரு பார்வைதான் பார்த்தார். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோனார். "திரும்புங்க! எல்லாரும் கிழக்கே! துவான் கல்லறை! மேல ஒரு பொண்ணு இருக்கா!"

அந்த ஏற்றத்தை நல்ல ஆள் இருபத்தைந்து நிமிஷத்தில் ஏறுவான். தோவா எவ்வளவு நேரத்தில் ஏறினாள் என்று யாரும் பார்க்கவில்லை. ஒரு செருப்பு பாதியில் போயிற்று. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் முள் குத்தியது. பாதி வழியில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது, சட்டியில் அரிசி பொரிகிற மாதிரி. அதற்குள்ளிருந்து அவ்வப்போது 'டப்' என்று ஒன்று. பிசின் கிண்ணம் வெடிக்கிற சத்தம். ஒவ்வொரு 'டப்'புக்கும் அவள் தலையைக் குனிந்தாள், யாரோ பிடரியில் அடித்ததுபோல.

பிறகு அதைப் பார்த்தாள். தீ அவள் நினைத்த மாதிரி உயரமாக இல்லை. முழங்கால் உயரத்தில், ஒரு நீளமான கோடாக, அவசரமே இல்லாமல் சருகைத் தின்றுகொண்டு வந்தது. மரத்தை அடைந்ததும் மட்டும் பிசின் வடிந்த காயத்தில் தொற்றிக்கொண்டு சரசரவென்று மேலே ஏறியது. அதற்குப் பின்னால் எல்லாம் கறுப்பு. கல்லறைகள் இருந்த இடம் முழுக்கப் புகை.

"மியன்! மியன்!"

ஆண்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்து சருகை வாரிக் கோடு போட ஆரம்பித்தார்கள். பெண்கள் பச்சைக் கிளையை ஒடித்து அடித்தார்கள். தோவா நேராகத் தீக்குள் நடந்தாள். லோக் பின்னாலிருந்து அவள் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணி, எங்க போறீங்க? வெந்துடுவீங்க!"

"விடுடா! எம் பொண்ணு உள்ள இருக்கா!"

"தெரியும். உள்ள இருந்தா நாங்க எடுக்கிறோம். நீங்களும் போய்ட்டா யாரத் தேடறது?"

அவன் அவளைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவள் கண்ணுக்கு நேரே, பாதை ஓரத்தில், ஒரு வெள்ளைக் கான்வாஸ் ஷூ கிடந்தது. அதன் ரப்பர் ஒரு பக்கம் உருகிக் கல்லில் ஒட்டியிருந்தது. இந்த மாதிரி ஷூ ஆயிரம் பேர் போடுகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாக்டரியில் வேலை செய்கிற எல்லாரும் போடுகிறார்கள். அந்த நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப நினைத்தாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பக்கத்துக் கோடு நின்றது. காற்றும் கொஞ்சம் நின்றது. புகைக்குள்ளிருந்து லூயெனின் குரல்தான் முதலில் வந்தது.

"யாரோ இருமுறாங்க! ஏய், வாயெல்லாம் மூடுங்க! இருமுறாங்க!"

லூயென் பத்தடி உள்ளே போய்விட்டிருந்தாள், தலைத்துணியை மூக்கில் சுற்றிக்கொண்டு. அவளுடைய புருஷனின் கல்லறை மேடு, காலையில் ஒரு புல் விடாமல் செதுக்கிய சிவப்பு மண், தீக்கு நடுவில் ஒரு தட்டு மாதிரி அப்படியே இருந்தது. தீ இரண்டு பக்கமாகப் பிரிந்து அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. புதிதாக வெட்டிய வாய்க்காலுக்குள் முகத்தை மண்ணில் புதைத்து, ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். ஒரு காலில் மட்டும் ஷூ இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் மேலதான்டி படுத்திருக்கா!" லூயென் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தாள். "உசுரோட இருந்தப்ப ஒருத்தருக்கு ஒரு நல்லது பண்ணாத மனுசன்!"

லோக் பிடியை விட்டான். தோவாவுக்கு எழுந்திருக்க முடியவில்லை. தவழ்ந்துதான் போனாள். சாம்பல் உள்ளங்கையைச் சுட்டது தெரியவில்லை.

மியனின் புருவம் பொசுங்கியிருந்தது. ஒரு காதோரம் முடி இல்லை. உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. கண் திறந்தாள், இருமினாள், யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்தாள், மறுபடியும் இருமினாள். தாயைப் பார்த்ததும் சின்னப்பிள்ளை மாதிரி உதட்டைப் பிதுக்கினாள்.

"அம்மா, நான் வந்தப்ப ஒரு சாண்தான் இருந்துச்சு. மிதிச்சேன்மா. மிதிக்க மிதிக்க அந்தப் பக்கம் போச்சு. ஷூ ஒட்டிக்கிச்சு. தண்ணியே இல்ல."

"சரிம்மா. சரி. பேசாத."

"யாரோ அப்பா கல்லறைல காகிதம் கொளுத்தியிருக்காங்கம்மா. நான் சாம்பலப் பாத்தேன். சருகு மேலயே கொளுத்தியிருக்காங்க. யாருன்னு கண்டுபிடிம்மா. நீ விடமாட்டல்ல?"

சுற்றி நாற்பது பேர், கரி பூசிய முகத்தோடு. ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. லூயென் வாயைத் திறந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு, வேறெங்கோ புகைந்துகொண்டிருந்த ஒரு கட்டையைப் போய் அடிக்க ஆரம்பித்தாள். அதற்காகவே அவளுக்கு ஊரில் சிலபேர் இன்றைக்கும் மரியாதை கொடுக்கிறார்கள்.

கீழே மைக்கில் சொன்னபோதுகூட தோவாவுக்கு இவ்வளவு பயமாக இருக்கவில்லை.

"நான்தாம்மா," என்றாள். "உங்கப்பா கனவுல வந்து குளிருதுன்னு நின்னாரு. ஒரு கோட்டு."

மியன் அவளைப் பார்த்தாள். கண்ணில் நீர் வழிந்தது, புகையாலா வேறெதனாலா தெரியவில்லை. கியெம் வந்து, ஆட்களைக் கூப்பிட்டு, மூங்கில் தடுக்கில் அவளைப் படுக்கவைத்துத் தூக்கச் சொன்னார். தோவாவிடம் மட்டும், தலையைத் திருப்பாமல், "நீயும் கூடப் போ. மத்தத நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். நாளைக்கு என்ன பேசுவார் என்று எல்லாருக்கும் தெரியும். எண்பது மரம் போயிருந்தது. அதில் பதினாறு அவருடையது.

தடுக்கு இறங்க ஆரம்பித்தது. தோவா ஒற்றைச் செருப்போடு பக்கத்தில் நடந்தாள். முதல் வளைவில், பின்னால் எங்கோ ஒரு கிண்ணம் கடைசியாக 'டப்' என்றது. படுத்திருந்தவள் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. கை நீண்டு தாயின் மணிக்கட்டைப் பிடித்தது, நகம் பதிய.

அது பயத்திலா, கோபத்திலா என்று கேட்க தோவாவுக்கு வாய் வரை வந்தது. யார் வீட்டில் யார் யாரிடம் ஏன் பேசவில்லை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வேளைச் சோறு இறங்காதவள் அவள். ஆனால் கேட்கவில்லை. நகம் பதிந்த இடம் வலித்தது. அந்தக் கையை அசைக்காமல், அடுத்த அடியை எங்கே வைப்பது என்று மட்டும் பார்த்துக்கொண்டு இறங்கினாள்.